பல் உதிர்க்காத மீன்

எக்ஸ்ரே படத்தில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு தெரியாது. மூட்டு வலியோடு வருகிற முதியவர்களுக்கு இதை நான் இருபது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முழங்காலில் தேய்ந்திருப்பது குருத்தெலும்பு என்று மருத்துவர் சொல்லியிருப்பார்; அவர்கள் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அது இதுல எங்கம்மா இருக்கு?" என்று கேட்பார்கள். இரண்டு எலும்புகளுக்கு நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளிதான் அது இருக்கும் இடம் என்றும், அந்த இடைவெளி குறுகியிருப்பதைக் கொண்டே அது தேய்ந்ததை அறிகிறோம் என்றும் விளக்குவேன்.

ஒரு மருத்துவமனையின் கதிர்ப்படப் பிரிவில் தொழில்நுட்பராகப் பணிபுரியும் எனக்கு, 27 கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒரு மீனின் மேல் ஏற்பட்ட ஈடுபாட்டுக்கும் இந்தக் குருத்தெலும்புதான் காரணம். அந்த மீனின் பெயர் ஹெலிகோப்ரியான். சுறாவையும் திருக்கையையும் போலவே அதன் உடற்கூடும் குருத்தெலும்பால் ஆனது. ஆகவே உடல் கரைந்துபோய், பற்கள் மட்டும் கல்லில் எஞ்சின. எஞ்சிய பற்களோ வேறெந்த விலங்கிடமும் காண முடியாத ஒழுங்கில் அமைந்திருந்தன. அவை அந்த மீனின் உடலில் எங்கே இருந்தன என்ற ஒரே கேள்விக்கு உறுதியான விடை கிடைக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடையைத் தந்தது, நான் நாள்தோறும் இயக்குகிற சி.டி. ஸ்கேன் கருவியின் உடன்பிறப்பான ஒரு கருவி. இரவுப் பணியின்போது, மருத்துவத்துக்கு வெளியே சி.டி. கருவி எவற்றுக்கெல்லாம் பயன்படுகிறது என்று தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த மீனை நான் முதன்முதலில் அறிந்தேன். அன்று தொடங்கிய தேடல் இன்னும் ஓயவில்லை.

அந்தப் பல்வரிசையின் படத்தை முதன்முறை பார்க்கிறவர்கள் அதை ஒரு மீனின் உறுப்பு என்று எண்ணமாட்டார்கள். மர அறுவை மில்லில் சுழலும் வட்ட ரம்பத்தை நினைவுபடுத்தும் ஒரு சுருள் அது. ஆனால் வட்டமாக மூடிக்கொள்ளாமல், நடுவில் மிகச் சிறிதாகத் தொடங்கி, மூன்று சுற்றுகளுக்கு மேல் சுற்றி, வெளியே வரவரப் பெரிதாகிக்கொண்டே போகும். சுருளின் வெளிவிளிம்பு நெடுக, ஒன்றையொன்று ஒட்டியபடி, பக்கவாட்டில் தட்டையான முக்கோணப் பற்கள் நிற்கும். ஒவ்வொரு பல்லின் இரு ஓரங்களிலும் நுண்ணிய ரம்ப வெட்டுகள் உண்டு. பற்களின் அடிப்பகுதிகள் தனித்தனியாக இல்லாமல், ஒரே தொடர்ச்சியான வேராக இணைந்து அந்தச் சுருளை உருவாக்கியிருக்கும். சாளக்கிராமக் கல்லில் உள்ள அம்மோனைட் என்ற பழங்காலக் கடல் உயிரியின் ஓட்டுச் சுருளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இதுவும் பல் முளைத்த ஓர் அம்மோனைட் என்றே முதலில் தோன்றும்.

இந்தச் சுருள் எப்படி உருவாயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் ஒரு சுறாவின் வாயை நினைத்துப் பார்க்க வேண்டும். சுறாவின் தாடையில் பற்கள் வரிசை வரிசையாக, ஒன்றின் பின் ஒன்றாக நிற்கின்றன. முன் வரிசைப் பல் உடைந்தாலோ உதிர்ந்தாலோ பின் வரிசைப் பல் நகர்ந்து வந்து அந்த இடத்தை நிரப்புகிறது. தாடையின் உட்புறத்தில் புதுப் பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன. தன் வாழ்நாளில் ஒரு சுறா ஆயிரக்கணக்கான பற்களை உதிர்த்துவிடும். கடலடிப் படிவுகளில் சுறாப் பற்கள் இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான். அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புப் பாறைகளில் கிடைக்கும் சுறாப் பற்களும் பெரும்பாலும் அப்படி உதிர்ந்தவையே. (அரியலூரின் கடல் ஹெலிகோப்ரியானின் காலத்துக்குக் குறைந்தது 15 கோடி ஆண்டுகள் பிந்தியது, அங்கே இந்த மீனைத் தேடிப் பயனில்லை.)

ஹெலிகோப்ரியான் பற்களை உதிர்க்கவில்லை. அதற்கும் தாடையின் உட்புறத்தில், தொண்டையின் பக்கமாக, புதுப் பற்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு புதுப் பல்லும் முந்தியதைவிடச் சற்றே பெரியது. ஆனால் முன்னால் தள்ளப்பட்ட பழைய பல் வாயிலிருந்து விழுந்துவிடாமல், தாடையின் முன்புறத்தில் வளைந்து கீழே இறங்கி, பின்பு உள்நோக்கிச் சுருண்டு, குருத்தெலும்புக்குள்ளேயே புதைந்துகொண்டது. புதுப் பல் முளைக்க முளைக்கச் சுருள் இன்னும் சற்று உருண்டது. ஆகவே ஒரு முதிர்ந்த மீனின் சுருளை நடுவிலிருந்து வெளியே எண்ணிக்கொண்டு வந்தால், அந்த மீன் குஞ்சாக இருந்தபோது முளைத்த முதல் பல்லிலிருந்து, அது இறந்த அன்று தொண்டையருகே உருவாகிக்கொண்டிருந்த கடைசிப் பல் வரை, எல்லாப் பற்களும் முளைத்த வரிசையிலேயே இருக்கும். சங்கின் நுனியில் அது குஞ்சாக இருந்தபோது வாழ்ந்த சிறு அறை அப்படியே இருப்பதைப் போன்றது இது. சங்கு செய்வது ஓட்டில்; இந்த மீன் அதைப் பல்லில் செய்தது.

என் மகளுக்கு ஏழு வயதில் முதல் பால் பல் விழுந்தபோது, என் மாமியார் அதைச் சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறியச் சொன்னார். நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பதால் அதை ஊருக்குக் கொண்டுபோய் எறிந்துவிட்டு வந்தோம். மனிதர்களாகிய நமக்கு இரண்டே தொகுதிப் பற்கள். ஒன்றை இழந்தால்தான் மற்றொன்று வரும். குழந்தைகளின் தாடை முழுவதையும் ஒரே படமாக எடுக்கும் ஓ.பி.ஜி. படத்தில், பால் பற்களின் வேர்களுக்கு அடியில் நிலைப்பற்கள் வரிசையாகக் காத்துக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படம் என்னைச் சற்று நிறுத்திவிடும். ஒரு தாடைக்குள் நேற்றைய பல்லும் நாளைய பல்லும் ஒன்றாக இருக்கும் காட்சி அது. அந்த மீனின் தாடையிலோ அது பிறந்த நாள் முதலான எல்லாப் பற்களும் ஒன்றாக இருந்தன.

இந்த மீனைப் பற்றிய முதல் தடயம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் காஸ்கோய்ன் ஆற்றுப் பகுதியில் கிடைத்த, பற்கள் கொண்ட ஒரு வளைந்த துண்டை, இலண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹென்றி உட்வர்ட் 1886ஆம் ஆண்டு விவரித்தார். சுருளின் ஒரு வில் மட்டுமே கையில் இருந்ததால், அது சுருள் என்பதை அவர் அறிய வழியில்லை. அமெரிக்காவில் ஜோசப் லைடி 1856ஆம் ஆண்டு பெயரிட்டிருந்த எடெஸ்டஸ் என்ற மீனின் வளைந்த பல்வரிசையை அது ஒத்திருந்ததால், அந்தப் பேரினத்திலேயே அதைச் சேர்த்து, மீனின் துடுப்பு முள்ளாக இருக்கும் என்று கருதினார்.

முழுச் சுருள் உரால் மலைப் பகுதியில் கிடைத்தது. ரஷ்யாவின் க்ராஸ்னோஉஃபிம்ஸ்க் நகருக்கு அருகே கண்டெடுக்கப்பட்ட சுருள்களை ஆராய்ந்த அலெக்சாண்டர் கார்பின்ஸ்கி, 1899ஆம் ஆண்டு அதற்கு ஹெலிகோப்ரியான் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'சுருள் ரம்பம்' என்று பொருள். கார்பின்ஸ்கி உராலிலேயே, சுரங்கப் பொறியாளர்களின் குடும்பத்தில் பிறந்தவர். ரஷ்யாவின் நிலவியல் ஆய்வுக்கு அடித்தளம் இட்டவர்களுள் ஒருவர். பின்னாளில், 1917ஆம் ஆண்டு, ரஷ்ய அறிவியல் கழகத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 1936இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தவர். உட்வர்ட்டின் ஆஸ்திரேலியத் துண்டும் இதே மீனுடையது என்பதை அறிந்து, அதையும் இந்தப் புதுப் பேரினத்துக்குள் கொண்டுவந்தவர் அவரே.

சுருளை மீனின் எந்த இடத்தில் பொருத்துவது? கார்பின்ஸ்கி வரைந்த முதல் படத்தில், மீனின் மேல்தாடை முன்னால் நீண்டு, யானை துதிக்கையை நெற்றியின் மேல் சுருட்டிக்கொள்வதுபோல, மூக்குக்கு மேலே சுருண்டிருந்தது. இன்று அந்தப் படத்தைப் போடுகிறவர்கள் வேடிக்கைக்காகவே போடுகிறார்கள்; அது எனக்குச் சம்மதமில்லை. முகத்துக்கு முன்னால் ரம்பத்தை நீட்டிக்கொண்டு திரியும் மீன் இன்றும் கடலில் உண்டு. வேளா மீனின் நீண்ட மூக்கின் இருபுறமும் பற்கள் வரிசையாக நிற்பதை நம் கடற்கரை ஊர்களில் அறியாதவர்கள் குறைவு. சுற்றியிருந்த உடலில் ஒரு துணுக்குக்கூட இல்லாமல் ரம்பத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யோசித்த ஒருவருக்கு, மூக்கு நியாயமான இடமாகத்தான் தோன்றியிருக்கும்.

அதன்பிறகு சுருள் மீனின் உடல் நெடுகப் பயணம் செய்தது. மூக்கில் வைத்ததை அமெரிக்கரான சார்லஸ் ஈஸ்ட்மன் உடனடியாக மறுத்தார். கார்பின்ஸ்கியே பின்னர் தன் கருத்தை விட்டுவிட்டுத் துடுப்புகளின் பக்கம் சாய்ந்தார். முதுகுத் துடுப்பின் முன்னால் சிலர் வைத்தார்கள். வாலில் சிலர் வைத்தார்கள். அது பற்களால் ஆனது, பற்கள் வாயில்தான் இருக்க முடியும் என்ற தெளிவு வலுப்பெற்ற பிறகும், வாயில் எங்கே என்பதில் உடன்பாடு ஏற்படவில்லை. கீழ்த்தாடையின் நுனியில், வாய்க்கு வெளியே, சுருட்டிய பாய்போலத் தொங்கவிட்ட படங்களைத்தான் பல புத்தகங்கள் நெடுங்காலம் அச்சிட்டன. நீரைக் கிழித்துக்கொண்டு போகவேண்டிய ஒரு மீன் தன் தாடையின் முன்னால் இப்படி ஒரு சுமையை நீட்டிக்கொண்டு எப்படி நீந்தியிருக்கும் என்ற கேள்வி அந்தப் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும். பற்களில் தேய்மானமே இல்லையே, இவை எதையும் கடித்திருக்க முடியாதே என்று யோசித்த ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் பர்டியும் அவருடைய குழுவினரும், 2000களின் பிற்பகுதியில், சுருளை வாய்க்குள் இன்னும் ஆழமாக, தொண்டைப் பகுதிக்கே கொண்டுபோய்விட்டார்கள். ஒரு தரவிலிருந்து நேர்மையாகக் கிளம்பிய யோசனை அது. தேய்மானம் இல்லாததற்கு வேறொரு விளக்கம் இருந்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

இதற்கிடையே விடை ஏற்கெனவே கிடைத்திருந்தது. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மான்ட்பெலியர் பள்ளத்தாக்கில் உள்ள வாட்டர்லூ சுரங்கத்தில் 1950ஆம் ஆண்டு ஒரு சுருள் கிடைத்தது. 23 சென்டிமீட்டர் விட்டம், 117 பற்கள். அளவில் அது பெரியதன்று. ஆனால் அந்தக் கல்லுக்குள் பற்களோடு தாடையின் குருத்தெலும்பும் இருந்தது.

இந்தப் பாறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஐடஹோவின் தென்கிழக்கிலும் அதை ஒட்டிய வயோமிங், யூட்டா, நெவாடா பகுதிகளிலும் பரந்து கிடக்கும் அந்தப் பாறைத் தொகுதிக்கு ஃபாஸ்ஃபோரியா என்று பெயர். நிலப்பரப்புகள் எல்லாம் பாஞ்சியா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிக்கிடந்த பெர்மியன் காலத்தில், அந்தக் கண்டத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு கடல் இருந்தது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்பி வந்து, சத்துப்பொருள்களை மேற்பரப்புக்குக் கொண்டுவந்து சேர்த்த கடல் அது. உயிர்கள் செழித்தன, இறந்தன, அடியில் படிந்தன. படிந்தவற்றில் பாஸ்பேட் திரண்டது. இன்று அந்தப் பாஸ்பேட்டை வெட்டியெடுப்பது பெரும்பாலும் உரத்துக்காக. பல்லின் வன்மைக்குக் காரணமான கனிமமும் கால்சியம் பாஸ்பேட்தான். பயிருக்குப் போடும் உரத்தைத் தேடித் தோண்டியவர்களின் கையில், அதே பொருளால் ஆன பற்கள், அதே பொருள் நிறைந்த பாறைக்குள் கெட்டியாகப் பொதிந்து வந்தன. ஐடஹோவிலிருந்து இந்த மீனின் சுருள்கள் இத்தனை கிடைத்ததற்கு அந்தச் சுரங்கங்களே காரணம். ஆலிவர் பெர்ரி ஹே 1907ஆம் ஆண்டே ஐடஹோவின் சுருள் ஒன்றை விவரித்துப் பெயரிட்டிருந்தார். இன்றுவரை இந்த மீன் ரஷ்யா, கஜகஸ்தான், ஆஸ்திரேலியா, சீனா, ஜப்பான், கனடா, மெக்சிகோ என்று பல நாடுகளில் கிடைத்திருக்கிறது. பெருங்கண்டத்தைச் சுற்றிய கடல்களிலெல்லாம் அது உலவியிருக்கிறது. ஆயினும் தாடை கிடைத்தது ஐடஹோவில்தான்.

குருத்தெலும்பு எப்படித் தப்பியது? சுறா இனங்களின் குருத்தெலும்பு வெறும் மென்மையான பொருள் அன்று. அதன் மேற்பரப்பில் கால்சியக் கனிமம் நுண்ணிய சில்லுகளாகப் படிந்து ஓர் ஓடுபோல அதை உறுதியாக்குகிறது. பெரும்பாலும் அந்த ஓடும் உதிர்ந்து சிதறிவிடும். இறந்த மீனின் மேல் விரைவாகச் சேறு மூடி, மீன் அழுகுவதற்கு முன்பே அந்தச் சேறு கல்லாக இறுகினால், அரிதாகச் சில வேளைகளில், ஓடு வடிவம் குலையாமல் தங்கிவிடும். வாட்டர்லூ சுரங்கத்தின் கல்லில் அப்படித் தங்கியது.

டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்வென்ட் எரிக் பெண்டிக்ஸ்-ஆல்ம்கிரீன் அந்தக் கல்லை ஆராய்ந்து 1966ஆம் ஆண்டு தன் முடிவை வெளியிட்டார். சுருள் கீழ்த்தாடையின் நடுவில், இரு பக்கத் தாடைகளும் சந்திக்கும் இடத்தில் இருந்தது என்று அவர் சொன்னார். அவர் சொன்னது சரி. ஆனால் கல்லின் மேற்பரப்பில் வெளித்தெரிந்தவை நசுங்கிய, இடம்பெயர்ந்த துண்டுகள். எது தாடையின் எந்தப் பகுதி, எவ்வளவு நீளம், எதனோடு எது பொருந்தும் என்பதெல்லாம் கல்லின் உள்ளே இருந்தது. உள்ளே பார்க்க வேண்டுமானால் கல்லை உடைக்க வேண்டும். உடைத்தால் பார்ப்பதற்கு எதுவும் இராது. ராண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தது 1895இல், கார்பின்ஸ்கி இந்த மீனுக்குப் பெயரிடுவதற்கு நான்கே ஆண்டுகளுக்கு முன்னர். ஆனால் ஒரு கட்டியான கல்லைச் சாதாரண எக்ஸ்ரேயில் படமெடுத்தால், முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழலாகிவிடும். இந்தச் சிக்கலைத் தீர்த்து, உடலைக் குறுக்குவெட்டுகளாகக் காட்டும் சி.டி. கருவியில் முதல் நோயாளி படமெடுக்கப்பட்டது 1971ஆம் ஆண்டு அக்டோபரில். பெண்டிக்ஸ்-ஆல்ம்கிரீன் எழுதி முடித்து ஐந்து ஆண்டுகள் கழித்து. அவருக்குத் தேவையான கருவி அவர் எழுதும்போது உலகில் இல்லை என்பதை நினைக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கல் அதன்பின் நெடுங்காலம் ஐடஹோ மாநிலத்தின் பொக்கடெல்லோ நகரில் உள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்தது. அலாஸ்காவைச் சேர்ந்த ரே ட்ரோல் என்ற ஓவியர் 1990களிலிருந்து இந்த மீனை மீண்டும் மீண்டும் வரைந்து, அதைப் பற்றி ஆராய்ச்சியாளர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர். சரியாக வரைய வேண்டும் என்ற ஓவியனின் பிடிவாதம் இந்தக் கதையில் ஒரு பங்கு வகிக்கிறது. பின்னர் ஐடஹோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்போது இளங்கலை மாணவராக இருந்த ஜெஸ்ஸி ப்ரூயிட்டுக்கு அருங்காட்சியகத்தில் இருந்த சுருள்களின்மேல் ஆர்வம் பிறந்தது. அங்கே பேராசிரியராக இருந்த லைஃப் தபனிலாவின் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அந்தக் கல்லை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் உள்ள உயர்நுணுக்க சி.டி. ஆய்வகத்தில் படமெடுத்தார்கள்.

நான் ஒரு நோயாளியைப் படமெடுக்கும்போது, கதிரின் அளவை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்தாக வேண்டும். குழந்தையாக இருந்தால் இன்னும் குறைக்க வேண்டும். மூச்சை அடக்கச் சொல்லி, சில நொடிகளில் முடித்தாக வேண்டும். கல்லுக்கு இந்தக் கவலைகள் இல்லை. அது அசையாது, அதற்குக் கதிரால் கேடு வராது. ஆகவே ஆய்வகக் கருவிகளில் வலிமையான கதிரை நீண்ட நேரம் செலுத்தி, மருத்துவமனைக் கருவியால் எட்ட முடியாத நுணுக்கத்தில் குறுக்குவெட்டுகளை எடுக்க முடிகிறது. படமெடுத்தவுடன் வேலை முடிந்துவிடுவதுமில்லை. குருத்தெலும்பு கல்லானதும் அதைச் சுற்றிய சேறு கல்லானதும் அடர்த்தியில் சற்றே வேறுபடுகின்றன. சாம்பல் நிறத்தின் இரு சாயல்களுக்கு இடையே உள்ள அந்தச் சிறு வேறுபாட்டை ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் பின்தொடர்ந்து பிரித்தெடுத்தால்தான் முப்பரிமாண வடிவம் கிடைக்கும். கண் எரியும் வேலை அது. ஒரே ஒரு கல்லீரல் கட்டியின் எல்லையைக் குறித்துத் தருவதற்கே எங்கள் பிரிவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அறிந்தவள் என்பதால், அந்தக் குழுவின் பொறுமையை என்னால் அளந்து பார்க்க முடிகிறது.

2013ஆம் ஆண்டு அவர்கள் முடிவை வெளியிட்டார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை, சுருளைப் பக்கங்களில் அணைத்துத் தாங்கிய குருத்தெலும்பு என்று எல்லாம் அந்தக் கல்லுக்குள் இருந்தன. வாய் மூடிய நிலையில் இருந்தது. சுருள் கீழ்த்தாடையின் நுனியில் தொங்கவில்லை. தொண்டைக்குள் ஒளிந்திருக்கவும் இல்லை. கீழ்த்தாடையின் முழு நீளத்தையும் அதுவே நிரப்பியிருந்தது. சுருளின் முதிய சுற்றுகள் குருத்தெலும்புக்குள் புதைந்திருக்க, கடைசிச் சுற்றின் மேற்பகுதிப் பற்கள் மட்டும் நாக்கு இருக்கவேண்டிய இடத்தில், வாயின் நடுக்கோட்டில், ஒற்றை வரிசையாக மேல்நோக்கி நின்றன. மேல்தாடையில் பற்கள் கிடைக்கவில்லை. ஒரு பெரிய மீன். வாய் நிறையப் பல் இருப்பதாக நாம் எதிர்பார்க்கும் ஒரு வேட்டை மீன். அதன் வாயில், நடுவில் ஒரே ஒரு வரிசை.

அதை வைத்துக்கொண்டு அது எப்படி உண்டது என்பதை அதே குழுவைச் சேர்ந்த ஜேசன் ராம்சே முதலானோர் அடுத்த கட்டமாக ஆராய்ந்தார்கள். தாடை மூடும்போது பற்கள் நேராக மேலே எழுவதில்லை. தாடையின் சுழற்சியால் அவை வளைவான பாதையில் மேலும் பின்னுமாக நகர்கின்றன. கீழ்த்தாடை ஒரே ஒரு முறை மூடினாலும், பல்வரிசை இரையின் ஊடாக ரம்பம்போல இழுபடும். வரிசையின் முன்பகுதிப் பற்கள் இரையைக் கொக்கிபோலப் பிடித்து உள்ளே இழுத்தன. நடுப் பற்கள் குத்தி அறுத்தன. பின் பற்கள் அறுபட்டதைத் தொண்டையை நோக்கித் தள்ளின. கடினமான ஓட்டை நொறுக்குவதற்கு இந்த அமைப்பு பொருந்தாது. கணவாய்போன்ற மெல்லுடல் கொண்ட உயிர்களுக்கு மிகவும் பொருந்தும். அந்தக் கடலில் கணவாயின் உறவினங்கள் ஏராளமாக இருந்தன. பற்களில் தேய்மானம் இல்லாததற்கான விளக்கம் இதுவே. தேய்வதற்கு எலும்போ ஓடோ எதிரே வரவில்லை. வீட்டில் கணவாய் அரிந்தவர்கள் அறிவார்கள்: வழுக்கும் சதையைக் கத்தி வெறுமனே அழுத்தினால் வெட்டாது, இழுத்து அறுத்தால்தான் வெட்டும்.

சி.டி. படம் இன்னொரு கேள்வியையும் தீர்த்தது. ஹெலிகோப்ரியான் சுறா அன்று. மேல்தாடை மண்டையோட்டோடு இணைந்திருந்த முறையை வைத்துப் பார்க்கும்போது, அது சுறாக்களைவிட கைமீராக்களுக்கு நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. கைமீராக்கள் இன்றும் இந்தியப் பெருங்கடல் உட்பட உலகின் ஆழ்கடல்களில் வாழும், பெரிய கண்களும் வழவழப்பான தோலும் கொண்ட குருத்தெலும்பு மீன்கள். அவற்றின் வாயில் சுறாவுக்கு உள்ளதுபோல உதிர்ந்து முளைக்கும் பற்கள் இல்லை. வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும், உதிராத பல்தட்டுகள் உண்டு. பல் உதிர்க்காத அந்தப் பழைய மீனுக்கு இன்று உயிரோடு இருக்கும் மிக நெருங்கிய உறவினரும் பல் உதிர்க்காதவர்களே என்பதைப் படித்த அன்று, வீட்டில் யாரிடமாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. நள்ளிரவு என்பதால் காலை வரை காத்திருந்தேன்.

பெயர்களின் குவியலும் அந்த ஆண்டிலேயே சீர்செய்யப்பட்டது. நூறு ஆண்டுகளில் சுருள் கிடைத்த இடத்துக்கொன்றாகப் பல சிற்றினப் பெயர்கள் வைக்கப்பட்டிருந்தன. தபனிலாவும் ப்ரூயிட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட சுருள்களை ஒப்பிட்டு, மூன்று சிற்றினங்களே நிலைக்கும் என்று காட்டினார்கள். ஒரே சுருளில் குஞ்சுப் பருவத்துப் பல்லும் முதிர்ந்த பல்லும் வடிவில் வேறுபடுகின்றன. சுருளின் எந்தச் சுற்றிலிருந்து உடைந்த துண்டு என்பதைக் கவனிக்காமல் ஒப்பிட்டதால், ஒரே மீனின் வெவ்வேறு வயதுகள் வெவ்வேறு மீன்களாக எண்ணப்பட்டிருந்தன. எஞ்சிய மூன்றில் ஒன்று, உட்வர்ட் 1886இல் கையில் பிடித்திருந்த அந்தத் துண்டின் பெயரைத் தாங்கியது.

உடலைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஹெலிகோப்ரியானின் துடுப்போ வாலோ கிடைத்ததில்லை. இன்று வரையப்படும் படங்களில் உள்ள உடல், அதன் உறவு மீன்கள் சிலவற்றின் உடற்பதிவுகளைப் பார்த்து வரைந்தது. ஐடஹோவின் மிகப் பெரிய சுருள்கள் அரை மீட்டருக்கும் அதிக விட்டம் கொண்டவை. தாடையின் நீளத்தையும் உடல் நீளத்தையும் விகிதப்படுத்தி, அவற்றுக்குரிய மீன் ஏழு மீட்டருக்கு மேல் இருந்திருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 27 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரை அது வாழ்ந்தது. பெர்மியன் காலத்தின் முடிவில், 25 கோடி ஆண்டுகளுக்கு முன், கடல் உயிர்களில் பெரும்பகுதியை அழித்த பேரழிவுக்கு வெகு முன்பே அது மறைந்துவிட்டது. ஆகவே அந்தப் பேரழிவு அதைக் கொன்றதாக எழுதுவது தவறு. பல இடங்களில் அப்படி எழுதப்பட்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சென்ற மாதம் என் மகள் தன் அறிவியல் ஏட்டில் இந்தச் சுருளை வரைந்தாள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே வரைவதா, வெளியிலிருந்து தொடங்கி நடுவுக்குப் போவதா என்று கேட்டாள். மீன் எந்த வரிசையில் வளர்த்ததோ அந்த வரிசையில் வரை என்றேன். புள்ளி அளவில் முதல் பல்லை வைத்தாள். பின்பு ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் சற்றே பெரிதாக. 117ஐ எட்டுவதற்கு முன்பே தாளின் விளிம்பு வந்துவிட்டது. இன்னொரு தாளை ஒட்டித் தரச் சொன்னாள். பசையைத் தேடி எடுத்துவந்து ஒட்டிக்கொடுத்தேன்.